சவுரியப்பன் குணமடைந்த பதிவேடு

நோயாளிக்கே தெரியாமல் நோயைக் குணப்படுத்தும் மருத்துவமனை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது நம் தருமபுரி மாவட்டத்தில் அமைந்தது நாம் செய்த புண்ணியம்.

மொரப்பூர்ப் பக்கத்து விவசாயி சவுரியப்பனுக்குப் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. மாட்டுக்கடியில் குந்திப் பால் கறக்க வேண்டும், அவ்வளவுதான். இடது முட்டி மடங்க மறுத்த நாளிலிருந்து நின்றபடியே குனிந்து கறந்தார். மாடு அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு உதைத்தது. வேறு ஆள் கிட்டே போனாலும் உதைத்தது. வேளைக்கு நாலு லிட்டர் கொடுத்த மாடு ஒன்றரையில் வந்து நின்றது. வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால், அரசு ஆஸ்பத்திரி டாக்டர் அதே ஆஸ்பத்திரியின் 'இயற்கை வாழ்வியல் நல மையத்துக்கு'ச் சீட்டு எழுதினார்: முட்டிக்கு மண் பட்டி, அதாவது குழைத்த மண்ணால் கட்டு, பத்து நாள்.

மையம் மூன்றாவது மாடியில் இருந்தது. மூட்டுவலிக்காரர்கள் அதிகம் வரும் இடமாயிற்றே, தொலைநோக்கோடு வைத்திருந்தார்கள். லிஃப்டில் தொங்கிய 'பராமரிப்பில் உள்ளது' பலகை மட்டும் நன்றாகவே பராமரிக்கப்பட்டு வந்தது.

"மண்ணு இன்னும் வரலீங்கய்யா, எழுதிப் போட்டிருக்கோம்," என்றார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கோகிலவாணி.

"எங்க காட்டுல நல்ல மண்ணு கெடக்குதுங்க மேடம். ஒரு மூட்டை கொண்டாரட்டுங்களா?"

"அது தனியார் மண்ணுங்க. இங்க சேத்துக்க மாட்டோம். செவ்வாக்கிழமை வாங்க."

செவ்வாய் வந்தார். டாக்டர் முகாமுக்குப் போயிருந்தார். அடுத்த செவ்வாய் மண் வந்திருந்தது, அதற்கான தரச்சான்று வரவில்லை. பிறகு சான்று வந்தது, மண் குழைக்கும் வாளி வரவில்லை. இப்படிப் பதினொரு செவ்வாய். ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். டோக்கன் வரிசை கீழே வெயிலில் நின்றது. வாயைத் திறந்தால், "சத்தம் போடாதீங்க."

பன்னிரண்டாவது செவ்வாய் கோகிலவாணி எழுந்து நின்றே வரவேற்றார்.

"வாங்கய்யா. உங்க கோர்ஸ் முடிஞ்சிருச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சவுரியப்பன் பதிவேட்டில் விரலை ஓட்டிப் படித்தார். படியேற்றப் பயிற்சி, பதினொரு முறை. சூரியக் குளியல், பதினொரு முறை. உண்ணாநிலைச் சிகிச்சை, அதுவும் அப்படியே. மௌனப் பயிற்சி, 'திருப்திகரம்'. கடைசிக் கட்டத்தில், 'குணமடைந்தார்'.

"அந்த மண்ணுங்க மேடம்?"

"குணமானவங்களுக்கு மண்ணு வெச்சா ஆடிட்ல கேப்பாங்கய்யா. நூத்துக்கு நூறு பேர் குணம்னு நம்ம மையத்துக்கு வெள்ளிக்கிழமை கேடயம் தர்றாங்க."

"முட்டி வலிக்குதுங்களே."

"கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா புதுச் சீட்டு எழுதிக்கலாம். அடுத்த செவ்வாக்கிழமை வாங்க."

சவுரியப்பன் பேனாவை வாங்கினார்.

"போடறனுங்க. ஆனா இந்த நோட்ட ஒரு நாளைக்குக் குடுங்க மேடம். வூட்டுக்குக் கொண்டுபோயி மாட்டுக்குப் படிச்சுக் காட்டிட்டு வந்தர்றேன். நான் குணமான சேதி அதுக்குத் தெரியாம, இன்னைக்குக் காத்தாலகூட ஒதைச்சிருச்சுங்க."

அறையே குலுங்கிச் சிரித்தது. கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடமை தவறாதவர் அல்லவா, உடனே பதிவேட்டை இழுத்து ஒரு வரி சேர்த்தார்: 'சிரிப்புச் சிகிச்சை, அளிக்கப்பட்டது.'

அந்த அறையில் சிரிக்காதவர் ஒரே ஒருவர்தான். அந்த வரிக்குக் கீழே இருப்பது அவருடைய கையெழுத்து.