முறை கண்டுபிடிக்கிற ஜிப்ரி மாமா

ஊருக்கு ஊர் ஒரு பிறவி உண்டு. முறை கண்டுபிடிக்காவிட்டால் அதற்குச் சோறு இறங்காது. உங்களை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யார்ட மகன்?" என்று தொடங்கி, உங்கள் உம்மாவின் உம்மா எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டார் என்பதுவரை போய், திரும்பும்போது உங்களைத் தன் மருமகனாக்கிக்கொண்டுதான் வரும். மாத்தளையில் அந்தப் பிறவிக்கு ஜிப்ரி மாமா என்று பெயர்.

மஸீஹா அந்தப் பெயரை முதலில் கேட்டது தன் கலியாணப் பேச்சில். மாப்பிள்ளை வீட்டார் வட்டிலப்பம் தின்று முடித்து நாள் குறிக்கப் போகும் நேரம், மாப்பிள்ளைக்குத் தூரத்து மாமாவான ஜிப்ரி எழும்பி, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் போலிருக்கிறதே, அப்படியென்றால் அண்ணன் தங்கை அல்லவா என்று ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டார். விசாரித்து முடிக்க மூன்று மாதம். பால் குடித்தது பக்கத்து வீட்டுப் பிள்ளை. "நல்லதுக்குத்தானே சொன்னேன்," என்று சொல்லிவிட்டு, கலியாணத்தன்று பலர் சேர்ந்து உண்ணும் முதல் சஹன் தட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்.

இந்த வருடத் தெருவிழாவில் மஸீஹாவுக்கு ஒரு கடை கிடைத்தது. கடை என்றால் நாலு கம்பி, மேலே நீலத் தறப்பாள், ஒரு மேசை, ஒரு பிளாஸ்டிக் கதிரை. வயலோரத்துப் பன் புல்லை வெட்டி, காயவைத்து, சாயமேற்றி, ஆறு மாதமாக அவள் பின்னிய பைகள் மேசை நிறைய இருந்தன. பை பின்னவென்றே கார்மென்ட் வேலையை விட்டிருந்தாள். "இந்த விழாவிலயும் ஒண்டும் ஆகாட்டி திங்கக்கிழமை கார்மென்ட் பஸ்ல ஏறு," என்று மாமியார் சொல்லிவிட்டார். சீகிரியாவில் ஒரு ஹோட்டல் அறைகளில் வைக்க அறுபது பை தேடுகிறதாம், சனிக்கிழமை ஆள் வந்து பார்க்கும் என்று தகவல். அவளுடைய நம்பிக்கை முழுவதும் அந்த ஆளின் மேல்.

சனிக்கிழமை முதலில் வந்தது ஜிப்ரி மாமா. "தனியா நிக்கிறாய் மகள், ஒதவிக்கு வந்தேன்," என்று சொல்லிக் கதிரையைக் கடைக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பைகள் மறைந்தன. ஜிப்ரி தெரிந்தார்.

ஓர் இளம்பெண் பையைத் தூக்கி விலை கேட்டாள். மஸீஹா வாய் திறக்குமுன் ஜிப்ரி முந்திக்கொண்டார்.

"புள்ள, நீங்க உக்குவளை ஸமத் ஹாஜியார்ட பேத்தியா?"

"ஓ..."

"பாத்தியா மகள்! இவ ஒனக்கு மதினி முறை. சொந்தக்காரிக்கிட்ட விலை சொல்லுறியா? வெக்கமா இல்லையா?"

சும்மா வாங்கினால் அந்தப் பெண்ணுக்கு வெட்கம், காசு கொடுத்தால் முறைக்கு வெட்கம். அவள் பையை வைத்துவிட்டு நழுவினாள். அவளுக்குப் பிறகு வந்தவருக்கும் இதே விசாரணை, இதே தீர்ப்பு. மத்தியானத்துக்குள் மஸீஹாவுக்குப் புதிதாகப் பதினொரு சொந்தம் சேர்ந்தது. ஒரு பை போகவில்லை.

பக்கத்துக் கடையில் பாசிமணி மாலை விற்ற சுந்தரம்மா எட்டிப் பார்த்தாள். "என்னங்கம்மா, ஒங்க கடையில கலியாண வீட்டுக் கூட்டமா இருக்கு. ஆனா ஒருத்தரும் மொய் வைக்க மாட்டேங்கிறாங்களே!"

அந்த நேரம்தான் ஹோட்டல்காரர்கள் வந்தார்கள். பெரிய பொறுப்பிலிருக்கும் சிங்கள மேடம் ஒருவர், கூடவே கோப்பும் கையுமாக பஸீர் என்ற உத்தியோகத்தர். மேடம் பையின் பிடியை இழுத்துப் பார்த்தார், உள்ளே கையை விட்டுத் தடவினார், தலையை ஆட்டினார். பஸீர் கோப்பைத் திறந்தார். இனி எழுத வேண்டியதுதான் பாக்கி. உங்களுக்கும் எனக்கும் அது தெரிகிறது. ஜிப்ரிக்குத் தெரிய வேண்டாமா?

"தம்பி, நீங்க யார்ட மகன்?"

"வறக்காமுறை றஹீம்ட மகன்."

"யா அல்லாஹ்! அப்ப ஒங்கட உம்மாவும் இவட மாமியாரும் சாச்சா பெரியப்பா மக்கள்! இவ ஒங்களுக்கு மதினி! சொந்தத்துக்குள்ளயே வந்து சேந்திட்டீங்க!"

மேடத்துக்கு விளங்காமல் போய்விடக் கூடாதே என்று சிங்களத்திலும் ஒருமுறை விளக்கமாகச் சொன்னார்.

மேடம் பையிலிருந்து கையை எடுத்துவிட்டு பஸீரைப் பார்த்தார். பஸீரின் முகம் வெளுத்தது. "மாமா, சொந்தக்காரங்கள்ட சாமான் எடுக்க எங்களுக்கு ஏலா. ஹோட்டல் சட்டம். போன வருஷம் இதுக்கே ஒருத்தர வீட்டுக்கு அனுப்பினாங்க."

"சொந்தக்காரங்கள்ட எடுக்காம வேற யார்ட்ட எடுக்கிற?" என்று கேட்டார் ஜிப்ரி. குத்தலாகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

பஸீர் கோப்பை மூடினார். அந்தச் சத்தத்தில் மஸீஹாவுக்குத் திங்கட்கிழமை பஸ்ஸின் கதவு திறந்தது தெரிந்தது. அவள் மேடத்தைப் பார்த்துச் சிங்களத்தில், கண் சிமிட்டாமல் சொன்னாள்:

"இந்தப் பெரியவர எனக்குத் தெரியாது மேடம். வெயிலுக்கு ஒதுங்கட்டும்னு கதிரையக் குடுத்தேன். பாவம், வாரவங்க எல்லாரையும் சொந்தம்னுதான் சொல்லுவாரு. வேணும்னா பக்கத்துக் கடை அக்காக்கிட்ட கேளுங்க."

சுந்தரம்மா மணி கோத்த கையை நிறுத்தவில்லை. "ஆமாங்க மேடம். காலையில என்னையே தங்கச்சின்னாரு."

மேடம் சிரித்துவிட்டார். கோப்பு மறுபடி திறந்தது. அறுபது பை. எழுதும்போது பஸீர் தலை நிமிரவேயில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

நாற்பது வருடமாக ஊரையே சொந்தமாக்கிய மனிதரை, மருமகள் ஒருத்தி ஒரே வாக்கியத்தில் ஊர்பேர் தெரியாத கிழவராக்கிவிட்டாள். ஜிப்ரி மாமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அந்த வாரமே பள்ளிவாசலடியில் நின்று, தான் நன்றாக விசாரித்துப் பார்த்ததில் மஸீஹா தங்களுக்கு எந்த முறையும் இல்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். மஸீஹா அதை மறுக்கவில்லை. மாமியாரும் பஸ் கதையை எடுக்கவில்லை.

நீங்கள் இதுவரை ஜிப்ரியைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி. ஆனால் நடுவில் எங்கேயோ, வறக்காமுறை றஹீம் என்றால் எந்த றஹீம், நமக்குத் தெரிந்த றஹீமா, அவர் பெண் எடுத்தது எந்த வீட்டில் என்று உங்கள் விரல் தானாக மடங்கியதா, இல்லையா? மடங்கியிருந்தால் வெட்கப்படத் தேவையில்லை. யாராவது கடை போட்டிருந்தால் மட்டும், தயவுசெய்து எதிர்ப்பக்கமாக நடந்து போய்விடுங்கள்.

ஜிப்ரி மாமா இப்போது தம்புள்ளையில், மகள் ஜஸ்லாவின் வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கம் கடை போடுகிறவர்கள் கவனித்துக்கொள்ளவும்.