கால் உள்ள பிணம்

யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல எனக்கு வராது. அதைப் பணிவு என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. (உண்மையில் முதலாளி மேல் பயம்.) அந்தப் பயத்தில்தான் கல்யாணத்துக்கு முன்பே ஒருமுறை பிணமானேன்.

செல்போனில் பட்டன் இருந்த காலம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். முதலாளியின் அண்ணன் டாக்டர். தன் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக மாற்றி, எலும்பு அறுக்கும் ரம்பம், அட்டைப்பூச்சி ஜாடி, யாருடையதென்றே தெரியாத பற்கள் என்று சேர்த்து வைத்திருந்தார். ஞாயிறுதோறும் பொதுமக்களுக்கு ஒரு நிகழ்ச்சி. அந்த வாரம், ‘அந்தக் காலப் பிண அறை’.

சட்டை மாட்டி அளவு பார்க்கும் டம்மி ஒன்று எங்கள் கம்பெனியிலிருந்து பிணமாகப் போயிருந்தது, முதலாளி சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு நானும். அதற்குத் தலையும் கிடையாது, காலும் கிடையாது. கழுத்தில் நூல் சுற்றும் கோன் ஒன்றைச் செருகி, துணியால் மூடிவிட்டார்கள். ஆனால் கால்?

“ஒரு பொணத்துக்காச்சும் பாதம் வெளிய தெரியோணும் கண்ணு. அப்பத்தான் சனம் நம்பும்” என்றார் டாக்டர்.

“ஆகட்டுங்க சார்” என்றேன். (நாக்கை அறுக்க அங்கேயே கத்தி இருந்தது.)

இரும்பு மேசையில் படுக்கவைத்து, கால் கட்டைவிரலில் எண் எழுதிய அட்டை கட்டி, தலைவரை மூடினார்கள். ஜன்னல்களில் கறுப்புத் துணி. ஒரே ஒரு மங்கல் பல்பு. மூக்கை அரிக்கும் மருந்து வாடை. பட்டப்பகல் பதினொரு மணி, ஆனால் அந்த அறைக்கு அது தெரியாது. முதல் கூட்டம் போனபின் தனியாகக் கிடந்தேன். டம்மி கிடந்த பக்கத்து மேசையில் துணி மெல்ல ஏறி இறங்குவதுபோல் இருந்தது. ஃபேன் காற்று என்று சமாதானமானேன். அங்கே ஃபேனே இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த கூட்டம் நுழைந்தது. மெல்லிய பனியன் துணிக்குள்ளிருந்து பார்த்தால் ஆள் தெரியும். முன்னால் வந்தவரைக் கண்டதும் நிஜமாகவே மூச்சு நின்றது. குன்னத்தூர் மாமா! புதன்கிழமை அவர் மகளுக்கும் எனக்கும் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தவரை, கம்பெனி வாட்ச்மேன் இங்கே அனுப்பியிருக்கிறார்.

“மாப்பிள்ளை இங்கதான் இருக்காருன்னாங்க. எங்கீங்க?” என்று மாமா யாரையோ கேட்டார்.

எங்கள் ஊர்ப்பக்கம், வந்தவரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்லாவிட்டால் உறவே முறிந்துவிடும். மாமா இதில் இன்னும் கறார். முன்பு ஒரு சம்பந்தத்தில், மாப்பிள்ளையின் சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டே வாய் திறக்காமல் இருந்தாராம். மாமா தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். இப்போது அவர் என் காலடியில் நிற்கிறார், நான் மல்லாந்து கிடக்கிறேன். படுத்திருந்தது நான்தான் என்று பின்னால் தெரிந்தால் புதன்கிழமை இல்லை.

துணியை விலக்கி, எழுந்து உட்கார்ந்து, இரு கையும் கூப்பினேன்.

“வாங்க மாமா.”

பிணம் வாவென்று கூப்பிட்டால் மனிதர்கள் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள் என்பதை அன்று பார்த்தேன். பதினெட்டு செருப்பு மிச்சம். மாமா மட்டும் ஓடவில்லை. பக்கத்து மேசையையே வெறித்தபடி, அப்படியே சுவரோரம் சரிந்தார். அருங்காட்சியகத்துக்கு முதல் நிஜ நோயாளி கிடைத்தார்.

டாக்டர் நாடி பார்த்து, சோடா கொடுத்து, வெளியே உட்காரவைத்தார். கட்டைவிரலில் அட்டையோடு நான் எதிரே நின்றேன்.

“நிச்சயத்துக்கு…” என்று இழுத்தேன்.

“வர்றமுங்க. பொணமாக் கெடந்தும் மரியாதை தெரிஞ்சிருக்கே, வேறென்ன வேணும்?”

“ரொம்பப் பயந்துட்டீங்களாங்க மாமா?”

“நீங்க கூப்புட்டதுக்கு எனக்கென்னங்க பயம்?” குரலைத் தாழ்த்தினார். “உங்களுக்கப்புறம் பக்கத்து மேசைக்காரரும் ‘வாங்க’ன்னாரே, அவரு ஆருங்க?”

பக்கத்து மேசையில் நூல் கோன் இருந்தது.

எதிரொலி என்றார் டாக்டர். நானும் அப்படித்தான் சொல்லி வருகிறேன். இன்றும் யாராவது வந்து நான் ‘வாங்க’ என்றால், சமையலறையிலிருந்து என் மகள் கட்டைக்குரலில் இன்னொரு ‘வாங்க’ சொல்வாள். வீடே சிரிக்கும். மாமா மட்டும் வாசலில் நின்று காதைத் தீட்டி, மூன்றாவது குரல் எதுவும் வரவில்லை என்று நிச்சயமான பிறகே செருப்பைக் கழற்றுவார்.