எனக்கு எம்.பி.ஏ. சீட்டு கிடைக்குமா? எங்க பஸ்ஸைக் கேளுங்க!

அன்னிக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். சாயங்காலம் ஆறரைக்கு வர்ற போனை எடுத்துப் பேசணும்.

நாட்டுலயே சீட்டு கிடைக்க ரொம்பக் கஷ்டமான பிசினஸ் ஸ்கூல் ஒண்ணுக்கு அப்ளிகேஷன் போடணும்னு எனக்கு ஆசை. ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாத ஆசை. 'உங்களுக்கு சான்ஸ் இருக்கா இல்லையா'ன்னு பதினஞ்சு நிமிஷத்துல சொல்ற ஒரு கன்சல்டன்ட் மேடம்கிட்ட மூணு வாரம் காத்திருந்து நேரம் வாங்கியிருந்தேன். விட்டா மறுபடி கிடையாது.

நான் மறைமலைநகர்ல வண்டிக்கு ரப்பர் பார்ட்ஸ் பண்ற கம்பெனியில குவாலிட்டி இன்ஜினியர். அஞ்சு மணிக்குக் கம்பெனி பஸ் கிளம்பும். செங்கல்பட்டு வழியா மாமல்லபுரம் போகும். நடுவுல திருக்கழுக்குன்றம், என் ஊரு. ஆறேகாலுக்கு வீடு, முகம் கழுவி, கதவைச் சாத்தி, ஆறரைக்கு இங்கிலீஷ்ல வெளுத்துக் கட்டறது. பக்கா பிளான்!

ஆறேகாலுக்கு ஊருக்கு வெளியிலயே பஸ் நின்னுடுச்சு. எதிர்ல சாமி ஊர்வலம்.

"எவ்ளோ நேரம் ஆகும்ணே?"ன்னு டிரைவர் முனுசாமி அண்ணனைக் கேட்டேன்.

"சாமி நவுந்தா நாம நவுருவோம்." இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டாரு.

இறங்கி நடக்கலாம்னா வெளியில மேளம், அதிர்வேட்டு. பஸ்ஸுக்குள்ளயே பேசிட வேண்டியதுதான்.

ஒரே பயம், எங்க மேனேஜர் ராகவன் சார். கார் சர்வீசுக்குப் போனதால அன்னிக்கு பஸ்ல ஏறி முன் சீட்டுல உக்காந்தவரு. ஆனா அவரு செங்கல்பட்டுல இறங்கறவரு. எட்டிப் பார்த்தேன். தலை தெரியல. அப்பாடா!

ஆறரைக்கு டாண்ணு போன். நான் இங்கிலீஷ்ல ஆரம்பிச்சேன்.

"அட, திருக்கழுக்குன்றமா? எனக்கு மதுராந்தகம்! தமிழ்லயே பேசுங்க, மனசுல இருக்கறது வரும்"னாங்க மேடம்.

எனக்கு இருந்த ஒரே பாதுகாப்பு இங்கிலீஷ்தான். அதுவும் போச்சு.

"லீடர்ஷிப் அனுபவம் ஒண்ணு சொல்லுங்க தினேஷ்."

மெதுவா சொன்னேன். கேக்கலன்னாங்க. கொஞ்சம் சத்தமா சொன்னேன். கேக்கலன்னாங்க. கத்திட்டேன்.

"பன்னெண்டு பேரை நான் தலைமை தாங்கி நடத்தறேன் மேடம்!"

பஸ்ல அவனவன் பார்த்துட்டிருந்த வீடியோவை நிறுத்திட்டான்.

பக்கத்துல தேவி அக்கா. மாமல்லபுரம் பக்கத்துல கொக்கிலமேட்டுக்காரங்க, இன்ஸ்பெக்ஷன் லைன் சூப்பர்வைசர். மெதுவா என் பக்கம் திரும்பினாங்க.

"எந்தப் பன்னெண்டு பேருபா?"

வாயில விரலை வெச்சுக் காட்டினேன்.

"இன்னா உஷ்ஷு? லைன்ல பன்னெண்டு பேரு நாங்க கீறோம். நீ கீறது ஏசி ரூம்ல!"

மேடம் அடுத்த கேள்விக்குப் போனாங்க. பெரிய சாதனை என்னவாம்? ஒரே மாசத்துல டிஃபெக்டை பாதியா குறைச்சேன்னேன்.

பின் சீட்டுல இருந்து மெயின்டனன்ஸ் செல்வம் குரல் வந்துச்சு. "மச்சான், அது மிஷினு ரிப்பேராயி பதினஞ்சு நாளு நின்னுகினு இருந்த மாசம்டா! ஓடாத மிஷின்ல எப்டிடா டிஃபெக்ட் வரும்?"

பஸ்ஸே சிரிச்சுது.

"சமூக சேவை எதாவது?"

"மாமல்லபுரம் பக்கம் கடற்கரையை சுத்தம் பண்ணியிருக்கேன் மேடம்."

தேவி அக்காவுக்குத் தாங்கல. "எங்க ஊருக்குத்தான வந்த? போட்டோ புட்ச்ச, வறுத்த மீனு வாங்கித் துன்ன, தட்ட மணல்லயே போட்டுட்டுப் போன. நான்தான் பொறுக்கினேன்!"

"பின்னாடி யாரு பேசறது?"ன்னாங்க மேடம்.

"டிவி மேடம்."

அந்த நேரம் பார்த்து அக்கா, "அடப்பாவி தினேசு! நான் டிவியா?"ன்னு கத்திட்டாங்க.

"அந்த டிவிகிட்ட போனைக் குடுங்க"ன்னாங்க மேடம்.

குடுத்தேன். வேற வழி?

"அல்லோ... நல்ல புள்ளம்மா, பொய்யிதான் சொல்ல வரல... போன மாசம் சண்டையா? ஆமா, ஃபேனு ஓடலன்னு எங்க பொண்ணுங்க வேலையப் போட்டுட்டு ஒக்காந்துட்டாங்க. நான்தான் மேல போயி பேசி புது ஃபேனு மாட்ட வெச்சேன்... இவுரா? எத்தினி ஃபேனுன்னு எண்ணி எழுதிகினாரு."

மேடத்துக்கு முன்னாடியே அனுப்பியிருந்த என் கட்டுரையில அந்த ஃபேன் பிரச்சினையைத் தீர்த்தது நான். ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

போன் சீட்டு சீட்டா முன்னாடி போச்சு. கடைசியா முனுசாமி அண்ணன் கையில.

"டைமுக்கா? தெனம் லேட்டு மேடம். ஆனா தொரத்திகினு வந்து ஏறிடுவாப்ல. ஓட்டம் நல்லா கீது... ஆபீசரா? கீறாரே!"

யாரு கீறாரு? நான் எழுந்து நிக்கறதுக்குள்ள அண்ணன் முன் சீட்டைத் தட்டிட்டாரு. சீட்டுக்குக் கீழேருந்து ஒரு தலை மேல வந்துச்சு.

ராகவன் சார்!

மனுஷன் தூங்கித் தூங்கி சீட்டுலயே சறுக்கியிருக்காரு. செங்கல்பட்டுல மேனேஜரை எழுப்ப ஒருத்தருக்கும் தைரியம் வரல.

"சார், நம்ம தினேசு எம்.பி.ஏ. படிக்கப் போறாப்ல. ஒங்கள கேக்குறாங்க"ன்னு அண்ணன் போனை நீட்டினாரு.

அவரு லெட்டர் குடுக்காம அப்ளிகேஷனே போட முடியாது. நல்ல நேரம் பார்த்துப் பதமா கேக்கலாம்னு ரெண்டு மாசமா ஒத்திகை பார்த்துட்டிருந்தேன்.

"ஹலோ... ஆமா, மேனேஜர்தான்... ரெகமண்ட் பண்ணுவேனா?" சார் ஜன்னல் வழியா பார்த்தாரு. திருக்கழுக்குன்றம் மலை தெரிஞ்சுது. தன் ஸ்டாப்பைத் தாண்டி எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு புரிஞ்சுது. திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு.

"கண்டிப்பா மேடம். எப்போ கூட்டிட்டுப் போறீங்க?"

பஸ்ஸுல ஒரே விசில்!

போன் என் கைக்கு வந்தப்போ நேரம் முடிஞ்சிருந்துது.

"நேரடியா சொல்றேன் தினேஷ். இப்போதைக்கு சான்ஸ் கம்மி. நீங்க சொன்னது எதையும் எழுதாதீங்க. உண்மையில நீங்க செஞ்சது எதாவது இருந்தா, சின்னதா இருந்தாலும், அதை எழுதுங்க."

"சரிங்க மேடம்."

"அப்புறம், அந்த தேவி மேடம் டிகிரி முடிச்சவங்களா?"

கேட்டேன். "பி.காம். அஞ்சல் வழியில"ன்னாங்க அக்கா.

"அவங்க நம்பரை அனுப்பி வைங்க."

சாமி நகர்ந்துது. சாரை யாராவது செங்கல்பட்டுல கொண்டு விடணுமே? ஸ்டாப்ல நிறுத்தியிருந்த என் பைக்லதான் ஏறினாரு. பாதி வழி வந்திருப்போம்.

"லெட்டர் குடுக்கறேன்யா"ன்னாரு திடீர்னு. "ஆனா அந்த ஃபாரத்துல, இவர் போயிட்டா உங்க டிபார்ட்மென்ட்ல என்ன மாறும்னு ஒரு கேள்வி இருக்காம். என்ன எழுதட்டும்?"

நானும் யோசிச்சேன். அவரும் யோசிச்சாரு. செங்கல்பட்டு ராட்டிணக்கிணறு வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தோணல.

இறங்கும்போது சொன்னாரு: "பஸ்ல ஒரு ஜன்னல் சீட்டு காலியாகும்."

அப்ளிகேஷன் போட்டாச்சு, பதில் இன்னும் வரல. தேவி அக்கா என் சீட்டுக்கு இப்பவே துண்டு போட்டுட்டாங்க.