சாப்பாட்டு மேஜை நேர்காணல்

என் மனைவி துறைத் தலைவர் ஆகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அவசரப்பட்டு என்னைத் திட்டாதீர்கள். பெண்கள் முன்னேற வேண்டும் என்று மேடையில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசக்கூடியவன் நான். பேசியும் இருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். எந்த வீட்டுப் பெண்ணும் எந்தத் துறைக்கும் தலைவராக வரட்டும். ஆனால் இது புவியியல் துறை. நானும் அதே துறையில்தான் விரிவுரையாளன்.

கொஞ்சம் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். காலையில் குளியலறைக்குள் நான், அவள், பிள்ளை மூவரில் யார் முதலில் போவது என்பதிலிருந்து எந்த ஜன்னலைத் திறந்து வைப்பது என்பது வரை வீட்டில் எல்லாம் அவள் சொல்படிதான். இந்தப் பூமியில் எனக்கென்று மிச்சமிருப்பது கல்லூரி ஒன்றுதான். அங்கே எனக்கு ஒரு நாற்காலி உண்டு, ஒரு அலமாரி உண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய உலக வரைபடத்தின் மறைவில் ஒரு குட்டித் தூக்கமும் உண்டு. அங்கேயும் அவள் மேலே வந்து உட்கார்ந்தால் நான் எங்கே போய் நிற்பது?

ஓய்வுபெறப் போகும் எங்கள் தலைவர் தங்கமான மனிதர். நான் தூங்குவதை அவர் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் அவரும் தூங்கிக்கொண்டிருப்பார். துறை அமைதியாக நடந்தது. அது எப்படி நடந்தது என்று கேட்டால், என் மனைவி நடத்தினாள். பாடத்திட்டம் எழுதியது அவள், நேர அட்டவணை போட்டது அவள், கருத்தரங்கு என்றால் பேச்சாளரை அழைப்பதிலிருந்து மைக் வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பது வரை அவள். யாராவது பாராட்டினால் மட்டும், "எல்லாரும் சேர்ந்து பண்ணோம்" என்பாள். அந்த 'எல்லாரும்' என்பதில் நானும் அடக்கம். அவள் சொல்வதில் எனக்கு மிகவும் பிடித்த சொல்லே அதுதான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெண் ஆசிரியர்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. சனிக்கிழமைதோறும் வகுப்பு. அவள் தயங்கினாள். நான்தான், சத்தியமாக நான்தான், போய்விட்டு வா என்று பிடித்துத் தள்ளினேன். சனிக்கிழமை முழுவதும் டிவி ரிமோட் என் கையில் இருக்கும் என்பதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. சொந்தக் கையாலேயே கண்ணைக் குத்திக்கொண்டேன்.

முதல் வகுப்பு முடிந்து வந்தவள், பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னைக் கேட்டாள்.

"நம்ம துறைப் பாடத்திட்டத்தை யாருங்க எழுதினது?"

"எல்லாரும் சேர்ந்துதான்."

"நீங்க எந்தப் பகுதி எழுதினீங்க?"

நான் நியாயமாக யோசித்தேன். "அட்டைக்கு நீலக் கலர் வைக்கலாம்னு சொன்னது நான்தானே."

"அதைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அங்கே சொல்லிக்கொடுத்த பாடமாம் அது. செய்த வேலையை 'நான் செய்தேன்' என்று சொல்லப் பழக வேண்டுமாம். அடுத்த வாரமே, தலைவர் பதவிக்கு விண்ணப்பிக்கப் போவதாக அறிவித்தாள். நான் சிரித்த முகமாகக் கேட்டுக்கொண்டேன்.

எதிர்வீட்டில் எங்கள் கல்லூரி நூலகர் இருக்கிறார். எனக்கு ஆலோசகர். ஊரில் உள்ள எல்லாக் கணவன்மார்களுக்கும் அவர்தான் ஆலோசகர். அவர் வீட்டில் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தி, அந்தப் பதவிக்கு நானும் விண்ணப்பித்துவிட்டால் என்ன என்றார். எனக்கும் தகுதி இருக்கிறது, ஆணுக்கு என்றால் குழு அதிகம் குடைந்து கேட்காது, வீட்டில் மூச்சு விடாதே என்றார். அன்று மதியமே விண்ணப்பித்தேன். வீட்டில் மூச்சுகூட விடவில்லை.

திட்டத்தின் மறுபாதி தானாகவே வந்து மடியில் விழுந்தது. நேர்காணலுக்கு வீட்டிலேயே ஒத்திகை பார்க்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களாம்.

"நல்லா கறாரா, மனசாட்சியே இல்லாம கேள்வி கேட்கிற ஆளா வேணுமாம். அப்படி யாரு..."

அவள் முடிப்பதற்குள் நான் கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் நான், பின்னால் குளிர்சாதனப் பெட்டி. எதிரே அவள். தண்ணீர்க் கூஜாவை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன், குழு என்றால் கூஜா குழுவின் பக்கம்தான் இருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்தேன். ஆராய்ச்சி, கட்டுரை என்றெல்லாம் கேட்டால் அவள் பொளந்து கட்டிவிடுவாள். அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

"அம்மா, நிதானமா யோசிச்சு சொல்லுங்க. உங்க பிள்ளைக்குக் காய்ச்சல். அன்னைக்குத் துறையில முக்கியமான கூட்டம். பிள்ளையை யாரு பார்ப்பாங்க?"

அவள் முகம் வாடியது. மன்னிக்க வேண்டும், எப்படியாவது சமாளித்துக்கொள்வேன் என்று முணுமுணுத்தாள். விடவில்லை நான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருக்க வேண்டிவரும், வீட்டில் சம்மதம் கேட்டீர்களா என்றேன். உங்கள் கணவரும் இதே துறை, அவர் மேல் அதிகாரம் செய்வது சங்கடமாக இருக்காதா என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்னிப்புக் கேட்டாள். ஒரு நிமிடம் எனக்கே பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் உலக வரைபடத்தை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. அன்று வழக்கத்தைவிட நிறையச் சாப்பிட்டேன்.

நான் நினைத்தது, இரண்டு வாரத்தில் அவளே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வாள் என்று. அவளோ என் கேள்விகளைச் சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். அங்கே இயற்பியல் ஆசிரியை ஒருத்தி, சட்டம் நடத்துகிற ஒருத்தி, இன்னும் பல கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். எல்லோரிடமும் யாராவது எப்போதாவது இதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்களாம். தனக்கு மட்டும்தான் நடந்தது என்று ஒவ்வொருத்தியும் மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாளாம். பேசிப் பேசிச் சிரித்தார்களாம். சாயங்காலம் அவள் தொலைபேசியில் அவர்களோடு சிரிக்கிற சத்தம் கேட்கும். என்னைப் பற்றித்தானோ என்று எட்டிப் பார்ப்பேன். என்னைப் பற்றித்தான்.

அடுத்த ஒத்திகையில் 'மன்னிக்க வேண்டும்' காணாமல் போயிருந்தது. அதற்கு அடுத்ததில் கூஜாவை எட்டி எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, அப்புறம்தான் பதில் சொன்னாள். அதற்கும் அடுத்த வாரம், நான் வழக்கம்போலக் காய்ச்சலை எடுத்தேன்.

"என் கணவர் பார்த்துக்குவார் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது அவருக்குத் தெரியுமா?"

"இப்பத் தெரிஞ்சிருக்கும்."

குழுத் தலைவராக உட்கார்ந்துவிட்டு நடுவில் கணவனாக மாற முடியுமா? கோட்டுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. "நல்ல பதில்" என்று சொல்லித் தொலைத்தேன்.

இன்னொரு நாள் ஒத்திகை முடிந்ததும், அவள் எழுந்து அந்த நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

"ஒரு நாளைக்கு நீங்க இதுல உட்காருங்களேன். நான் கேட்கிறேன்."

"எனக்கு எதுக்கு? ஆம்பளைங்ககிட்ட இதையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க."

நாற்காலியை மேஜைக்குள் தள்ளினாள். "சரி" என்றாள். துணி மடிக்கப் போய்விட்டாள். அந்தச் 'சரி'யை நான் அப்போதே தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். அடியில் ஏதோ இருந்தது.

நேர்காணல் நாள். பல் வலி, பல் டாக்டரிடம் போகிறேன் என்று தாடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். அவள் வாழ்த்தி அனுப்பினாள். கல்லூரியின் பின்பக்க மாடிப்படி வழியாக ஏறினேன். என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். உள்ளே முதல்வர், பக்கத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு பேராசிரியை, இன்னொரு வயதானவர். கூஜா அவர்கள் பக்கம் இருந்தது.

பாடத்திட்டம் பற்றிக் கேட்டார்கள். எல்லோரும் சேர்ந்து செய்தோம் என்றேன். அதில் என் பகுதி எது என்று பேராசிரியை கேட்டார். அட்டையைச் சொன்னேன். வயதானவர் அட்டை நன்றாக இருந்ததாகச் சொன்னார். அவர் ஒருவர்தான் எனக்கு ஆறுதல்.

பிறகு முதல்வர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை ஒரு மாற்றம். பெண்கள்கிட்ட மட்டும் கேட்கிற கேள்வின்னு சிலது இருக்காம். பயிற்சி மையத்துல எடுத்துச் சொன்னாங்க. கேட்டா எல்லார்கிட்டயும் கேளுங்க, இல்லைன்னா யார்கிட்டயும் கேட்காதீங்கன்னாங்க. கேட்டுத்தான் பார்ப்போமேன்னு முடிவு பண்ணோம்."

தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது.

"ஐயா, நிதானமா யோசிச்சு சொல்லுங்க. உங்க பிள்ளைக்குக் காய்ச்சல். அன்னைக்குத் துறையில முக்கியமான கூட்டம். பிள்ளையை யாரு பார்ப்பாங்க?"

என் கேள்வி. நான் பெற்ற கேள்வி. நிறுத்தி நிறுத்திக் கேட்கும் விதம் முதற்கொண்டு அப்படியே இருந்தது.

"என் மனைவி பார்த்துக்குவாங்க."

"அவங்களும்தான் விண்ணப்பிச்சிருக்காங்க. அடுத்து அவங்களைத்தான் கூப்பிடப் போறோம். கூட்டத்துல அவங்களும் இருக்கணுமே."

கூஜாவைப் பார்த்தேன். எட்டவில்லை.

"போகட்டும். தலைவர்னா சாயங்காலம் ஆறு மணிக்கு மேலயும் இருக்க வேண்டி வரும். வீட்டுல சம்மதம் கேட்டீங்களா?"

"இன்னும் சொல்லலை."

"எதை, நேரமாகும்கிறதையா?"

"விண்ணப்பிச்சதையே."

பேராசிரியை எதையோ தேடுவது போல மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. முதல்வர் நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். மனைவியும் இதே துறையில் இருக்கிறார், அவர் மேல் என்னால் அதிகாரம் செய்ய முடியுமா என்றார்.

அன்று நான் சொன்னதிலேயே பெரிய உண்மை அப்போதுதான் வாயிலிருந்து வந்தது.

"தெரியலை சார். இதுவரைக்கும் முயற்சி பண்ணிப் பார்த்ததில்லை."

வயதானவரும் சிரித்துவிட்டார். என் கட்சியில் இருந்த ஒரே ஆளும் போனார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் பெஞ்சில், மடியில் கை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள் என் மனைவி.

"பல்லைப் புடுங்கிட்டாங்களா?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் எழுந்து புடவையை நீவிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. அந்தக் காய்ச்சல் கேள்விக்குப் பிறகு உள்ளேயிருந்து ஒரு மன்னிப்பும் கேட்கவில்லை. 'நான்' என்ற சொல் மட்டும் அடிக்கடி கேட்டது. அவள் சொன்னது ஒவ்வொன்றும் அவள் செய்ததுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கே, இவளைத் தவிர வேறு யாரைப் போடுவார்கள் என்றுதான் தோன்றியது. பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை வெளியே காட்டும் நிலையில் நான் இல்லை.

முடிவு வந்த சாயங்காலம் இரண்டு பேரும் அதே மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க விண்ணப்பிச்ச அன்னைக்கே. நூலகர் அவர் சம்சாரத்துகிட்டச் சொல்லாம எதையாவது வச்சிருப்பாரா?"

"அப்புறம் எதுக்கு வாராவாரம் என்கிட்டயே ஒத்திகை பார்த்தே?"

"உங்களைவிட மோசமா யாரும் கேட்கலைங்க." கோப்பையைக் கீழே வைத்தாள். "அதோட, இந்த வாரமாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா நானும் உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன். அன்னைக்கு நாற்காலியைத் திருப்பி வச்சேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

அது உறைத்தது. நன்றாகவே உறைத்தது. மன்னிக்க வேண்டும் என்றேன். அந்தச் சொல் எங்கள் வீட்டில் கை மாறியிருந்தது.

இப்போது வரைபடத்தைத் துறைத் தலைவர் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். அதன் பின்னால் ஒரு பூனைகூடத் தூங்க முடியாது. போன வாரம் பயிற்சி மையத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அடுத்த அணிக்கு ஒத்திகை நேர்காணல் நடத்தித் தர வேண்டுமாம். என்னிடம் தப்பித்தவர்கள் எந்தக் குழுவையும் சமாளித்துவிடுவார்கள் என்று அங்கே பேச்சாம். எப்படியோ எனக்கும் ஒரு திறமை இருப்பது உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமையே போய்த் தயார் செய்ய வேண்டும், அதற்கு ஒரு நாள் லீவு வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டு தலைவர் அறைக் கதவைத் தட்டினேன்.

உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். கூஜாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு, என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஐயா, நிதானமா யோசிச்சு சொல்லுங்க. வீட்டுல சம்மதம் கேட்டீங்களா?"

இல்லை என்றேன். சாயங்காலம் போய்க் கேட்க வேண்டும். தலைவர் வீட்டுக்கு வர ஆறு மணிக்கு மேல் ஆகும்.