ஈகைநாட்டில் ஏழைகள் தீர்ந்துபோன விதம்

கிழக்கே உப்புக்கடலும் மேற்கே கரட்டுமலையும் எல்லையாக ஈகைநாடு என்றொரு நாடு இருந்தது. அந்தப் பெயரை வைத்தவர்கள் அந்நாட்டு அரசர்களே. ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் கூடித் தங்கள் மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். போட்டியில் நிற்பவர் ஒருவரே என்பதால் முடிவு தெரிய நேரமாகாது.

அந்நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. வேலை இழந்தவருக்கு அடுத்த வேலை கிடைக்கும்வரை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வாரம் ஒரு மரக்கால் அரிசி கொடுப்பார்கள். எப்போதோ ஒரு பஞ்சத்தில், மக்கள் கோட்டைக்குள் நுழைந்துவிடுவார்களோ என்று பயந்த அரசர் ஒருவர் தொடங்கி வைத்தது. அதற்குப் பிழைப்பரிசி என்று பெயர்.

மன்னர் மகாகருணாகரர் காலத்தில் அவருடைய மைத்துனர் கப்பல் கப்பலாகத் துணி இறக்கினார். நாட்டுத் தறிகள் நின்றன. களஞ்சிய வாசலில் வரிசை நீண்டது. தறி ஏன் நின்றது என்று ஆராய்வது மரியாதையாக இருக்காது என்பதால், வரிசை ஏன் நீண்டது என்று ஆராயக் குழு அமைத்தார்கள். நலத்துறை அமைச்சர் உத்தமநம்பி குழுவின் முடிவைச் சபையில் எடுத்துரைத்தார்.

"மன்னா, மக்களைப் பீடித்திருப்பது வறுமை அன்று, சோம்பல். சும்மா கிடைக்கும் சோறு நரம்பைத் தளர்த்துகிறது. இவர்களுக்கு உழைப்பின் சுவையைக் காட்ட வேண்டும்."

"கூலி கொடுக்க வேண்டியிருக்குமோ?" என்றார் மன்னர்.

"கூலி கொடுத்தால் சுவை கெட்டுவிடும், மன்னா."

மறுநாள் முரசு அறைந்தார்கள். பிழைப்பரிசி வாங்குகிறவர்கள் அனைவரும் காலைமுதல் மாலைவரை அறச்சாலைகளில் கூலியின்றித் தொண்டு செய்ய வேண்டும். செய்யாதவருக்கு அரிசி இல்லை.

இதில் ஒரு சிக்கல் வந்தது. தலைநகர் அறச்சாலையின் வாசலில், 'கட்டாயத்தில் சமைத்த சோறு தானமாகாது' என்று அதைக் கட்டியவர்கள் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். கல்லைப் பெயர்த்தால் தெய்வகுற்றம். உத்தமநம்பி ஒரு பகல் யோசித்தார். பிறகு வாசலில் ஒரு மணியைக் கட்டச் சொன்னார். உள்ளே வரும் ஒவ்வொருவரும் மணியை அடித்து, "விரும்பி வந்தேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். குரல் கம்மினால் ஒரு வார அரிசி நிறுத்தம். இப்படியாகக் கட்டாயம் ஒழிந்தது.

அந்த அறச்சாலை அடுக்களையில் கூலிக்குச் சமைத்துக்கொண்டிருந்தவள் வெள்ளத்தாயி. அவள் கணவன் கோட்டைச் சுவருக்குக் கல் சுமந்து, அந்தக் கல்லுக்கடியிலேயே போனவன். ஒரே மகள் குருவம்மாவுக்கு ஆறு வயது. நோஞ்சான் பிள்ளை. வேளைக்குச் சோறு விழுந்தால் ஓடியாடும், ஒருவேளை தப்பினால் சுருண்டு படுத்துவிடும். அந்தப் பிள்ளையின் வயிறு காயாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வெள்ளத்தாயிக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

அறச்சாலையின் அறங்காவலர் கொடைநாதர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வெள்ளத்தாயி, உன் கைப்பக்குவத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இத்தனை பேர் காசில்லாமல் வந்து நிற்கும்போது உனக்குக் கூலி கொடுப்பது தர்மப் பணத்தை வீணாக்குவதாகும். அந்தப் பாவம் உன்மேல் அல்லவா விழும்?"

"பாவத்த நான் சொமந்துக்கிறேன் சாமி. கூலிய மட்டும் நிறுத்திராதீக."

கூலி நின்றது. வெள்ளத்தாயி களஞ்சிய வரிசையில் போய் நின்றாள். அங்கிருந்த அதிகாரி அவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, அறச்சாலை அடுக்களைக்கே அனுப்பச் சீட்டு எழுதியபடி கேட்டார்.

"சமையலில் பழக்கம் உண்டா?"

"இம்புட்டு வருசமா அந்த அடுப்புலதான சாமி வெந்தேன்."

"அது கூலிக்குச் செய்தது. தொண்டுக்குப் புதியவள். பயிற்சி வேண்டும்."

அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தறிகாரரைப் போட்டார்கள். அவர் அவளுக்கு ஒரு வாரம் மூத்த தொண்டர். முதல் நாளே அவர் அவள் காதருகே குனிந்து, "தாயி, ஒலையில அரிசிய எப்பப் போடணும்?" என்று கேட்டார். அவள் சொல்லிக் கொடுத்தாள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது பழைய பழக்கம். இங்கே கடைக்காரனையே கூப்பிட்டுத் தேங்காயை உடைக்கச் சொன்னார்கள்.

அறச்சாலையில் இன்னொரு பழைய விதி இருந்தது. பரிமாறுகிற கை அந்தப் பானைச் சோற்றைத் தொட்டுத் தின்னக்கூடாது. கூலிக்குச் சமைத்த காலத்தில் யாருக்கும் அது பாரமாக இருந்ததில்லை, வீட்டில் சோறு இருந்தது. இப்போது அது சட்டமாயிற்று. மாலையில் வெளியேறும் தொண்டர்களின் கையை மோந்து பார்க்க ஓர் அதிகாரியை நியமித்தார்கள். அந்த வளாகத்தில் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

ஐப்பசி மழையில் குருவம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளத்தாயி கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வர, மணி அடிக்கும் நேரம் தப்பிவிட்டது. கை மோந்து பார்க்கும் அதிகாரியே மணிக்கும் பொறுப்பு. அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"ஏன் தாமதம்?"

"புள்ளைக்குக் காய்ச்சல் சாமி. ஒடம்பு அனலாக் கொதிக்குது."

"காய்ச்சல் பிள்ளைக்குத்தானே? உன் கால் நன்றாகத்தானே இருக்கிறது? நான்கு வாரத்துக்கு உன் அரிசி நிறுத்தப்படுகிறது."

"அரிசியே இல்லன்னா நான் எதுக்குச் சாமி இங்க வரணும்?"

"வராவிட்டால் எட்டு வாரம்."

இதையெல்லாம் நான் நிதானமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கத்திச் சொன்னால் கதை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்.

வெள்ளத்தாயி மகளை இடுப்பில் தூக்கிவந்து பந்தியில் உட்காரவைத்தாள். பந்தி பசித்தவர்களுக்குத்தானே? கொடைநாதர் பதறி ஓடிவந்தார்.

"என்ன காரியம் செய்கிறாய்? தொண்டர்கள் இந்நாட்டின் கொடையாளிகள். கொடையாளியின் மகள் தானச் சோறு தின்பதா? உன் மானம் என்ன ஆவது?"

இலையை எடுத்துவிட்டார்கள். அடுத்த முரசில் அதுவும் சட்டமாக வந்தது. தொண்டர் குடும்பத்தார் எவரும் பந்தியில் அமரக்கூடாது.

அதன் பிறகு பந்திக்கு வர ஆளில்லை. பசித்தவர்கள் எல்லாம் அகப்பையோடு நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வெளியே மதிலோரம் நின்றார்கள். வரிசையாக இலை விரித்து, ஆவி பறக்கச் சோறு குவித்து, யாருமில்லாத பாய்களைப் பார்த்தபடி நானூறு பேர் மாலைவரை காத்திருந்தார்கள். பிறகு சோற்றை வண்டியில் ஏற்றிக் கொடைநாதரின் மாட்டுக்கொட்டகைக்கு அனுப்பினார்கள். மாடுகளிடம் விரும்பி வந்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை.

உத்தமநம்பி காலிப் பந்தியைப் பார்வையிட்டுக் கண் கலங்கினார். "மன்னா, நாட்டில் உண்ண ஆளில்லை, கொடுக்கவே ஆள் இருக்கிறது. ஏழ்மை தீர்ந்தது" என்று அறிவித்தார். ஊரெங்கும் தோரணம் கட்டினார்கள். தோரணம் கட்டியவர்களும் தொண்டர்களே.

இந்த அதிசயத்தைக் காண அண்டை நாட்டுத் தூதர் சாந்தமூர்த்தி வந்தார். நல்ல மனிதர், தெருநாய் நொண்டினாலும் நின்று பார்ப்பவர். வெறும் பந்தியை எப்படிக் காட்டுவது என்று கடைசி நேரத்தில் யோசனை வந்து, அமைச்சர்களும் அதிகாரிகளும் இலைமுன் உட்கார்ந்தார்கள். தூதரையும் நடுவில் உட்காரவைத்தார்கள். வெள்ளத்தாயி சோற்றுக்கூடையோடு வந்து உத்தமநம்பியின் இலைமுன் நின்றாள். சோற்றைப் போடவில்லை.

"சாமி, பந்தியில குந்த ஆளில்ல, ஏழ்மை தீந்துபோச்சுன்னு சொன்னீக. நீங்க குந்திருக்கீகளே?"

அமைச்சர் சிரித்துச் சமாளித்தார். "விருந்தினருக்காக, அம்மா. இன்று ஒருநாள் மட்டும்."

"அப்ப இன்னைக்கு ஒருநா மட்டும் எம் புள்ளையும் குந்தட்டும் சாமி. அந்தா மதிலோரம் நிக்குது, அது வவுத்துல ஒண்ணுமில்ல."

அகப்பை பிடித்த நானூறு பேரும் அசையாமல் நின்றார்கள். தூதர் சாந்தமூர்த்தியின் கண்ணில் நீர் திரண்டது. அவர் எழுந்து போய், மதிலோரம் நின்ற குருவம்மாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தம் இலைக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் சாப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. உத்தமநம்பி புன்னகை மாறாமல் ரசம் கேட்டார்.

தூதர் ஊர் திரும்பிய மறுநாள் புதிய முரசு ஒலித்தது. அறச்சாலையில் உண்டவர் எவரும் தொண்டு செய்தே தீர வேண்டும், வயது தடையில்லை. அமைச்சர்கள் உண்டது அரசுப்பணி என்பதால் சட்டம் அவர்களைத் தொடாது. குருவம்மாவை மணி முன் நிறுத்தினார்கள். அவளுக்கு எட்டவில்லை என்று ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். அந்த வாரமே கஞ்சிச்சட்டி தூக்கும்போது கைநழுவி, காலில் கொட்டி வெந்துவிட்டது. சட்டியை உடைத்ததற்காகத் தாயின் அரிசியை இன்னும் நான்கு வாரம் நிறுத்தினார்கள்.

அன்று மாலை வெள்ளத்தாயி மகளை முதுகில் கட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் நடந்தாள்.

"எங்கம்மா போறோம்?"

"ஒனக்குச் சோறு போட்டாகள்ல, அந்த அய்யா ஊருக்கு. அவுக கண்ணுல தண்ணி வந்துச்சுடி, நான் பாத்தேன்."

ஆற்றைத் தாண்டி, கரட்டுமலையில் ஏறி இறங்கி, எல்லை வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். காவல்காரர் யாரென்றும் கேட்கவில்லை, எந்த ஊரென்றும் கேட்கவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். நிழலில் உட்காரவைத்து, இலை போட்டு, சுடுசோற்றில் நெய்யும் ஊற்றினார். குருவம்மா இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். வெள்ளத்தாயியும் சாப்பிட்டாள். சாப்பிடும்போதே அவளுக்கு அழுகை வந்தது.

கை கழுவி நிமிர்ந்தபோது காவல்காரர் இரண்டு அகப்பைகளோடு வந்து நின்றார்.

"எங்க தூதரு ஊரு திரும்பின பெறகு உங்க நாட்டுப் புதுச் சட்டத்த எழுதி அனுப்பச் சொல்லி வாங்கினாரு தாயி. அவுகளுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. இப்ப இங்கயும் அதான் நடைமொற."

வெள்ளத்தாயி இலையைப் பார்த்தாள். அதில் ஒரு பருக்கை மீதியில்லை.

"எம் புள்ளைக்கு ஆறு வயசுதான்யா."

"தெரியும் தாயி. அதுக்குத்தான் தூதரு ஒரு திருத்தம் போட்டிருக்காரு. எரக்கமுள்ள மனுசன். கொழந்தைக கைக்கு ஏத்தாப்புல காம்பக் குட்டையா வெட்டச் சொல்லிட்டாரு."

அவர் சின்ன அகப்பையை நீட்டினார். வழவழவென்று இழைத்து, காம்பில் மஞ்சள் சாயம் பூசியிருந்தது. குருவம்மா அதை விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.