பாடாத ரேடியோவுக்கு எதற்குச் சோறு?

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், நடுவில் மறதியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் உங்கள் பத்திரிகையில், டிவியை ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவரில் இருக்கிற சுவிட்சையும் அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சும்மா இருந்துகொண்டே கரண்டைத் தின்னும் என்று ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி போட்டிருந்தீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுபதுகளிலேயே தூத்துக்குடியில் ஒருவர் இதைத் தொண்டை கிழியச் சொன்னார். அவர் சொன்னதை யாரும் பத்திரிகையில் போடவில்லை. கிறுக்கன் என்றார்கள்.

உலகத்திலேயே கரண்டுக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனுஷன் அவர்தான். அதனால் பேரே காய்ச்சல் அண்ணாச்சி. உண்மையான பேர் என்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. பல குடித்தனங்கள் சேர்ந்த ஒரே வளவில் இரண்டு வருஷம் குடியிருந்தும் கேட்கவில்லை.

உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மோட்டார் நன்றாக இருக்கிறதா, உள்ளே கம்பிச்சுருள் கருகப்போகிறதா என்று புறங்கையை வைத்துத்தான் பார்ப்பாராம். வருஷக்கணக்கில் அதைச் செய்து, கை அவர் பேச்சைக் கேட்காமலே எல்லாவற்றையும் தொட ஆரம்பித்துவிட்டது. யார் வீட்டுக்குள் போனாலும் முதலில் ரேடியோவின் முதுகில் புறங்கையை வைப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்.

அடுத்த வீட்டு மரியக்காளிடம் ஒரு டிரான்சிஸ்டர் உண்டு. பேட்டரி வாங்கி மாளாது என்று, கரண்டிலேயே பாட வைக்கிற எலிமினேட்டர் என்ற குட்டிப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தாள். அண்ணாச்சி அதைத் தொடுவார்.

"ஏளா மரியா, பாட்டு நிப்பாட்டி எம்புட்டு நேரமாச்சு?"

"மத்தியானமே நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி."

"பெறகு இது ஏன் சுடுது? பாடாத ரேடியோவுக்கு எதுக்குளா சோறு?"

படாரென்று பிடுங்கிவிட்டுப் போவார். மரியக்காள் அவர் தலை மறைந்ததும் மாட்டுவாள். திரும்பி வந்து பிடுங்குவார். இந்தப் போரில் அந்தச் சுவரில் இருந்த பிளக் பாயிண்டே கழன்று கையோடு வந்துவிட்டது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரே ஒரு தடவை சாத்தான்குளத்துப் பக்கம் பெண் பார்க்கப் போனாராம். பெண் காப்பி கொண்டு வந்து நிற்கிறாள். இவர் முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரி மேல் இருந்த ரேடியோவைத் தடவுகிறார். பெண்ணின் தகப்பனாரைப் பார்த்து, "மாமா, உங்க வீட்ல கரண்டு ஒழுகுது" என்றாராம். அத்தோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. வளவில் இதை வாரம் ஒரு முறை சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரித்ததால் அது வலிக்கவில்லை என்று எல்லோரும் முடிவு செய்துகொண்டார்கள்.

மாதா கோயில் திருவிழாவில் நடந்ததை நானே பார்த்தேன். மைக் செட்டுக்காரர்கள் பெட்டியை அணைக்காமல் சாப்பிடப் போய்விட்டார்கள். அண்ணாச்சி தொட்டுப் பார்த்தார், இழுத்துவிட்டார். பிரசங்கத்துக்குச் சாமியார் வந்து நின்று வாயைத் திறந்தார். வாய் அசைகிறது, கை அசைகிறது, சத்தம் மட்டும் இல்லை. பிளக்கை மறுபடி மாட்டினாலும் அந்தக் காலத்துப் பெட்டி வால்வு சூடேறித்தானே பேசும்? அதுவரை சாமியார் ஊமையாகவே மோட்சத்தை விளக்கினார். செட்டுக்காரன் விரட்ட, அண்ணாச்சி ஓடிக்கொண்டே, "சாப்பிடப் போறவன் புடுங்கிட்டுப் போவணும்ல ஏலே!" என்று நியாயம் பேசினார்.

இதுவரை சிரிப்புத்தான். இனிமேல் சிரிக்க எனக்கு வராது.

எங்கள் வளவில் ஆறு குடித்தனம். வீட்டுக்காரம்மா வீடும் அதே வளவுக்குள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். கரண்டுப் பணத்தை எல்லோரும் சமமாகப் போட வேண்டும். ஒரு சமயம் அது மூன்று தடவை தொடர்ந்து ஏறியது. வளவே கூடிப் பேசி, திருடியைக் கண்டுபிடித்தது. திருடி நான்தான்.

காரணம் கேளுங்கள். நான் கதவை அடைத்தே வைத்திருப்பேன். ஸ்ரீவைகுண்டத்துப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். நாலு பேர் பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது, குழாயடியில் பேச வாய் வராது. அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

"பட்டப்பகல்ல கதவ அடைச்சுக்கிட்டு உள்ள என்னளா செய்யுதா? கரண்டு அடுப்புல சோறு பொங்குதா" என்றாள் மரியக்காள், எனக்குக் கேட்கும்படியாகவே.

வீட்டுக்காரம்மா என் வாசலுக்கே வந்துவிட்டாள். "ஒண்ணாந்தேதி வீட்டக் காலி பண்ணிரு. திருட்டுக் கைக்கு எங்க வளவுல எடம் இல்ல."

எனக்கு அப்போது ஏழு மாதம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். திருடி என்று துரத்தப்பட்டவளுக்கு எந்தத் தெருவில் வீடு தருவார்கள்? அவர், "நீதான் வாயத் தொறந்து சொல்லேன், இல்லன்னு" என்றார். அந்த வாய் வந்திருந்தால் எனக்கு ஒரு கஷ்டமும் வந்திருக்காதே.

காய்ச்சல் அண்ணாச்சிதான் நடுவில் வந்தார். "ஆளப் பாத்துச் சொல்லாதீங்க. மீட்டரப் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை முடிந்து எல்லோரும் வந்ததும், அத்தனை வீட்டிலும் விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வெளியே வந்து நிற்கச் சொன்னார். நின்றோம். என் வீட்டுக்காரர் கப்பலுக்குப் போயிருந்தார்.

மீட்டர் இருந்தது வளவுக்குள் நுழைகிற நடையில். ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். எல்லாம் அணைத்தும் சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோர் கண்ணும் என் மேல். அவர் என் வீட்டுக்குள் போய் ஒரு நிமிஷத்தில் திரும்பினார்.

"ஒரு குண்டு பல்பு. அதுவும் ஐஸா இருக்கு. இந்தப் புள்ள மேல பழி போட்டிங்களே, உருப்படுவீங்களா?"

பிறகு என்னைக் கூப்பிட்டார். "தாயி, பேரு கெட்டது உனக்கு. நீயே இங்கன நில்லு. சக்கரத்துல செவப்புக் கோடு ஒண்ணு வந்து வந்து போவும். அத மட்டும் பாரு. நான் கேக்கும்போது சொல்லு."

ஒவ்வொரு வீடாகத் தொட்டுக்கொண்டு போனார். மரியக்காளின் குட்டிப் பெட்டியைப் பிடுங்கினார், சக்கரம் அசரவில்லை. கடைசியில் வீட்டுக்காரம்மா வீட்டுக்குள் நுழைந்தார். "எங்க வீட்ல எல்லாம் அணைச்சாச்சு அண்ணாச்சி, உள்ள போவாதீங்க" என்று அவள் பின்னால் ஓடினாள். வளவும் பின்னால் ஓடியது. மீட்டர் அருகில் நான் மட்டும்.

அங்கே திரை மறைவில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கப்பல்காரர்களிடம் இரகசியமாக வாங்கிய வெளிநாட்டுச் சாமான். அந்த நாட்டுக் கரண்டு நம் கரண்டில் பாதிதானாம். நேராக மாட்டினால் எரிந்துவிடும். அதற்காக நடுவில் செங்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். பாட்டுப் பெட்டியை மட்டும் அணைத்துவிட்டு, அந்தச் செங்கலை ராப்பகலாகச் சுவரில் மாட்டியே வைத்திருந்தார்கள். அது உறுமிக்கொண்டு, சூடாக, வளவுக் கரண்டைத் தின்றுகொண்டு கிடந்திருக்கிறது. இதெல்லாம் மரியக்காள் பிற்பாடு சொல்லித் தெரிந்தது. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். சிவப்புக் கோடு வந்தது, பாதியில் தயங்கியது, அப்படியே நின்றது.

"தாயி! நின்னுட்டா?" உள்ளேயிருந்து அவர் குரல்.

நின்றுவிட்டது. 'நின்னுட்டு' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"நின்னுட்டான்னு கேக்கேன்லா!"

அதற்குள் வீட்டுக்காரம்மா பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டாள். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. அவளே முதலில் வந்து எட்டிப் பார்த்தாள். "எங்க நின்னுச்சு? அது பாட்டுக்குச் சுத்துதே! கிறுக்குப் பய, வீட்டுக்குள்ள பூந்து சாமானத் தொடுதான்!"

அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார். "தாயி, நீ பாத்தத சொல்லு. நின்னுச்சா, இல்லியா?"

வளவு முழுக்க என்னைப் பார்த்தது. வீட்டுக்காரம்மாவும் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தில் கேசரி கொண்டு வந்து தந்தாள். "நீ காலி பண்ண வேண்டாம். இருந்துக்கோ" என்றாள். எதற்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கப்பல் சாமான் விஷயம் கஸ்டம்ஸ் காதுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அந்தக் கேசரியை நான் தின்றேன். இனிப்பாகத்தான் இருந்தது.

அண்ணாச்சியை ஒரு வாரத்துக்குள் காலி பண்ண வைத்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் வீடு புகுந்து தடவுகிறவன் என்று பேரும் கட்டினார்கள். அவரிடம் எலிமினேட்டர் சண்டை போட்ட மரியக்காள் உட்பட யாரும் அவருக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. மீட்டரும் பழையபடி ஓடியது; பணத்தைப் பழையபடி எல்லோரும் சமமாகப் போட்டார்கள். திருடி யார் என்று அதன் பிறகு ஒருவரும் தேடவில்லை.

டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது என் கதவுக்கு வெளியே நின்றார். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"அழுவாத தாயி. புள்ளத்தாச்சி அழப்புடாது. அது நின்னது எனக்குத் தெரியும். உன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சுல்லா."

அப்போதும் நான் கதவைத் திறக்கவில்லை.

புன்னைக்காயல் பக்கம் உப்பளத்தில் வேலைக்குப் போனதாக ஒருவர் சொன்னார். அது நிஜமா என்று தெரியாது. நான் எழுதியதில் மீட்டர் சங்கதி, டிரான்ஸ்பார்மர் சங்கதி எல்லாம் சரிதானா என்று கரண்டு படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அவர் பேர் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள், நான் கேட்காமல் விட்டுவிட்டேன். தப்பு ஏதும் இருந்தால் அது என் மறதி. அவருடைய கை ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை.

அண்ணாச்சி, சக்கரம் நின்றது. நான் பார்த்தேன்.