திராட்சை தின்னாதவனின் வாக்குமூலம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் இடது கால் கட்டைவிரல் நீங்கலாக. அங்கு நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு திராட்சையைத் திருட்டுத்தனமாகத் தின்கிறாயாமே, வெட்கமாயில்லையா என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் திராட்சை தின்னவில்லை அக்கா. தின்றேன் என்று நானே ஒப்புக்கொண்டது உண்மை. ஒப்புக்கொண்ட விஷயம் பொய். குழப்பமாக இருந்தால் மேலே படி.

நான் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பவள் நீதான். போன கூட்டத்துக்கும் வழக்கம்போல் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான தலைக்கணக்கு, சேரவில்லை. தலைவர் வந்தார், நான் வந்தேன், காவலாளி மின்விசிறியை நிறுத்த வந்தார். யாரும் உட்காராத நாற்காலிகளை நானே மடக்கி அடுக்கும்போது ஒன்று வழுக்கி விரல்மேல் விழுந்து நகம் பெயர்ந்தது. வீட்டில் சொன்னால் மருத்துவமனைக்கு இழுத்துப் போவார்கள். அங்கே ஊசி இருக்கும். சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து பீரோவுக்குள் ஒளிந்தவனைக் காட்டிக்கொடுத்தவளே நீதான், உனக்குத் தெரியாதா? ஆகவே பஞ்சு வைத்துக் கட்டி, மேலே காலுறையை மாட்டிக்கொண்டேன். சர்க்கரைக்காரன் கால் ஆயிற்றே, வலியே இல்லை. வலிக்காவிட்டால் ஆறிவிட்டதாக அர்த்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்த வாசனை. வீட்டில் திராட்சை மணக்கிறது என்றாள் என் மனைவி. ஃப்ரிட்ஜைக் குடைந்தாள், அரிசி டப்பாவைக் கவிழ்த்தாள், என் சட்டைப் பைகளை வெளியே இழுத்துப் பார்த்தாள். கடைசியில் மோப்பம் பிடித்தபடி என் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மரியாதையா சொல்லிடுங்க, திராட்சையை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

காலுறையைக் காப்பாற்ற வேண்டுமே. தின்றுவிட்டேன் என்றேன். அன்று முதல் தினமும் வாசனை வந்தது, தினமும் ஒப்புக்கொண்டேன். விதை இருந்ததா என்றுகூடக் கேட்டாள். விதையில்லாத ரகம் என்றேன், இல்லாவிட்டால் விதையைத் தேடுவாள். ஒரு பழத்தைக்கூட நாக்கில் வைக்காமல் இவ்வளவு திட்டு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மகள், உன் செல்ல மருமகள், வந்தாள். ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை வளர்த்து, அவை தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஒட்டுக்கேட்பதுதான் அவள் உத்தியோகம். வாசலில் ஒரு செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றாள். அவள் அம்மா திராட்சைப் புகாரை ஆரம்பித்தாள். மகள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்பா, சாக்ஸைக் கழட்டுங்க."

அது அவள் தினமும் முகர்கிற வாசனையாம். ஒருவகைக் கிருமி, ஆள்பலம் இல்லாதவரை அடக்க ஒடுக்கமாக இருக்குமாம். ஆனால் ஒவ்வொன்றும் ரசாயனம் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அது சேரச் சேர, நம் ஆட்கள் வந்தாயிற்று என்று எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் தெரிந்து, ஒன்றாகக் கிளம்பிவிடும். அதற்கும் கோரம் என்றுதான் பெயராம். எனக்கு வயிறு எரிந்தது அக்கா. என் சங்கத்தில் சேராத கோரம், நோட்டீஸ்கூட ஒட்டாமல் என் விரலில் சேர்ந்திருக்கிறது. அந்த ரசாயனங்களில் சில, நம் உயிரணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வைக் கதவு தட்டாமலே தாண்டி உள்ளே போய்விடுமாம். அதை மோப்பம் பிடித்து உஷாராகிற அணுக்களும் உண்டு, மயங்கிப்போய் வந்தவனை விரட்டாமல் விட்டுவிடுகிறவையும் உண்டு. திராட்சை மணக்கிற சரக்கு மயக்குகிற ரகமாம்.

"உங்க செல்லெல்லாம் உங்களை மாதிரியேப்பா. உள்ள இவ்வளவு நடக்குது, வாயே திறக்கல" என்றவள் அழுதுவிட்டாள்.

எனக்கும் அழுகை வந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்றார் மருத்துவர். ஊசி போடும்போது நான் கத்திய கத்தலில் அடுத்த அறை நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. விரல் பிழைத்தது. மகள் விடுப்புப் போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறாள். தினமும் கட்டு மாற்றும்போது குனிந்து முகர்ந்து பார்க்கிறாள்.

ஆகவே நான் நிரபராதி. என்மேல் சுமத்திய பழியை நீ எழுத்துமூலம் திரும்பப் பெற வேண்டும். திராட்சையை நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நல்ல செருப்பணிந்து நெடுநாள் வாழ்க.

கால்விரல் பத்தும் குறையாத,
உன் தம்பி

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் ஒரு விபரீதம். செய்யாத குற்றத்துக்கு இவ்வளவு திட்டு வாங்கியாயிற்றே, ஒருமுறை செய்துதான் பார்ப்போமே என்று இன்று கொஞ்சம் கறுப்புத் திராட்சை வாங்கித் தின்றேன். சாறு கட்டின்மேல் சொட்டியது தெரியவில்லை. கட்டு மாற்ற வந்த மகள் கறையைப் பார்த்தாள், முகர்ந்தாள். கிருமிகள் மறுபடியும் கோரம் சேர்ந்துவிட்டன என்று வண்டியைக் கூப்பிடப் போனை எடுத்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். "இன்னமும் பொய்யாப்பா?" என்கிறாள். காட்டுவதற்கு ஒரு விதைகூட இல்லை, பயத்தில் விழுங்கிவிட்டேன். உன் திட்டுக் கடிதத்தைத்தான் சாட்சியாக நீட்டியிருக்கிறேன், அது பழைய கதை என்கிறாள். வாசலில் வண்டி நிற்கிறது, மறுபடியும் ஊசியாம். எனவே மேலே எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, உன் தம்பி திராட்சைத் திருடன்தான் என்று அவளுக்கு உடனே ஒரு கடிதம் எழுது. பெரிய எழுத்தில்.